பேரு இருக்கா, தம்பி?

ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்து, பெட்டியை உருட்டிக்கொண்டு தாராவிச் சந்துக்குள் நுழைகிறவனிடம் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். எப்போ வந்தே, எத்தனை நாள் லீவு, ஏன் இப்படி இளைச்சுட்டே, பெட்டியிலே என்ன. சந்தின் முதல் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கும் மதினிக்கு இந்தக் கேள்விகளில் எல்லாம் அக்கறை கிடையாது. எண்ணெய்ச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"பேரு இருக்கா, தம்பி?"

வாக்காளர் பட்டியலில் என் பேர் இருக்கிறதா என்று அர்த்தம். இருக்கிறது என்றால் உட்காரச் சொல்லிச் சூடாக முறுக்குக் கொடுப்பார். இல்லை என்றாலும் முறுக்கு உண்டு, நிம்மதிதான் கிடையாது. லீவு முடிந்து நான் மறுபடி விமானம் ஏறும்வரை, பால் வாங்கப் போனாலும் சரி, முடி வெட்டப் போனாலும் சரி, எதிரே வந்து நிற்பார். அந்த வருஷங்களில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாகூட இவ்வளவு விடாப்பிடியாக இருந்ததில்லை.

மதினியின் சொந்தப் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் சந்தில் அதை யாரும் சொல்லிக் கேட்டதும் இல்லை. அம்மா வழியில் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வந்தால் அவருடைய வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறை, ஆகவே இவர் மதினி. மற்றவர்களுக்கு ஒரு முறையும் கிடையாது, ஆனாலும் எல்லாருக்கும் மதினிதான். குழாய் ரிப்பேருக்கு வருகிற மராத்திக்காரர் 'மதினிபாய்' என்று கூப்பிடுவார். குட்டையான உருவம், கனத்த கண்ணாடி. எந்தக் காகிதத்தைப் படிப்பதற்கு முன்னாலும் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். தலைப்பில் இருக்கிற எண்ணெய் கண்ணாடிக்கு வரும். பிறகு காகிதத்தை என்னிடம் கொடுத்து, "என்ன போட்டிருக்கான், வாசி" என்பார்.

இந்தக் கிறுக்கு அவருக்கு எப்படிப் பிடித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய வீட்டுக்காரர், எங்கள் எல்லாருக்கும் அண்ணாச்சி, மஸ்கட்டில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கல்யாணமான புதிதில் போனவர், வருஷத்துக்கு ஒருமுறை வருவார், சில வருஷம் அதுவும் இல்லை. ஒரு சமயம் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஒரு மராத்தி டீச்சர் வீடு வீடாக வந்தார். வெயிலில் வந்தவருக்கு மதினி நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். டீச்சர் அண்ணாச்சி பேரைப் படித்துவிட்டு, இவர் எங்கே என்று கேட்டார்.

எங்கள் ஆட்களிடம் இந்தக் கேள்வியை மட்டும் கேட்கக் கூடாது. வீட்டில் ஒருவன் கடல் தாண்டிப் போயிருக்கிறான் என்றால் அதை நாலு பேரிடம் சொல்லத்தானே மற்றவர்கள் இங்கே இருக்கிறார்கள்? மதினி நிமிர்ந்து உட்கார்ந்து, "மஸ்கட் மே ஹை" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய கம்பெனி, ரூம் கம்பெனியே கொடுத்திருக்கிறது, ரூமில் ஏசி, வருஷக்கணக்காக அங்கேதான் வாசம், இங்கே விருந்தாளி மாதிரி வந்து போவதோடு சரி என்று தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொல்லி, சுவரில் மாட்டியிருந்த போட்டோவையும் கழற்றிக் காட்டினார். டீச்சர் நல்லது நல்லது என்று தலையாட்டிக் குறித்துக்கொண்டு, முறுக்கையும் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த தேர்தலின்போது அண்ணாச்சி லீவில் இருந்தார். இரண்டு பேரும் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு ஓட்டுப் போடப் போனார்கள். மதினி போட்டார். அண்ணாச்சி பேரை, இங்கே வசிக்காதவர் என்று அடித்திருந்தார்கள். விதிப்படி அது சரிதான், டீச்சர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே வெளியே வந்து, விடு, ஒரு டீ குடிக்கலாம் என்றாராம். மதினி அந்த டீயை அப்படியே வைத்துவிட்டார்.

"கெட்டுன மனுசன என் வாயாலேயே இங்க இல்லன்னு சொல்லிட்டேனே, தம்பி" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணாச்சியின் பேரை மறுபடி இந்தத் தாராவிப் பட்டியலில் ஏற்ற வேண்டும், அவர் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து மதினிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மற்ற எங்களை எல்லாம் விரட்டியது, வழியோடு வழியாக.

வெளிநாட்டில் வேலை பார்க்கிற இந்தியக் குடிமகனுக்கும் ஓட்டு உண்டு, அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது, அதற்கு ஆறு-ஏ என்று பேர் என்பதை மாட்டுங்காவில் தெரிந்துகொண்டு வந்தார். கிங்ஸ் சர்க்கிள் கடைகளுக்கு அவர்தான் முறுக்கும் சீடையும் போடுவார். அந்தப் பக்கம் ஒரு மாமி வீட்டுக்கும் வாடிக்கை. மாமியின் மகன் நியூ ஜெர்சியில் இருந்தான், அவன் சொல்லி மாமிக்கு இந்தப் படிவ விவரம் தெரியும். சொன்னது மாமி செய்த பிசகு. அதற்கப்புறம் முறுக்கு கொண்டுபோகும் போதெல்லாம் மகன் படிவம் போட்டாச்சா என்று மதினி கேட்க ஆரம்பித்தார். கடைசியில் வாசல் என்றும் பார்க்காமல், "அவரு அந்த ஊரு சிட்டிசன் ஆயிட்டாரா, ஆகலையா? ஆயிட்டா இங்க ஓட்டு கிடையாது பாத்துக்கிடுங்க" என்று உரக்கக் கேட்டுவிட்டார். மாமி கதவைச் சாத்திக்கொண்டு, "அதெல்லாம் நாலு பேர் காதுல விழறாப்பல கேக்கப்படாது" என்றாராம். ஒரு வாரம் சீடை ஆர்டர் வரவில்லை. பிறகு வந்தது. கூடவே, மகன் படிவம் போட்டுவிட்டான் என்கிற தகவலும் வந்தது.

படிவத்தை வளைகுடாவுக்கு அனுப்ப மதினி கண்டுபிடித்த வழி அவருக்கே உரியது. எங்கள் பக்கத்திலிருந்து யார் விமானம் ஏறினாலும் பத்துப் பேர் வீட்டுப் பொட்டலம் அவன் பெட்டியில் போகும். பொடி, ஊறுகாய், மருந்து, முறுக்கு. மதினி சுட்ட முறுக்குப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் மேலாக ஒரு ஆறு-ஏ இருக்கும், அதோடு எப்படி நிரப்புவது என்று தமிழில் தன் கையாலேயே எழுதிய ஒரு தாள். தோஹாவில் ஒருவன் அந்தப் படிவத்தையே விரித்து, அதன்மேல் முறுக்கை வைத்து ரூமில் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறான். அஜ்மானில் இன்னொருவன், மதினி ஏதோ கோயில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார் என்று பத்திரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தான். அவன் தாராவியிலேயே பிறந்து இந்தி ஸ்கூலில் படித்தவன், தமிழ் எழுத்து அவனுக்கு ஜிலேபி மாதிரி.

எழுதினால் இந்தப் பயல்களுக்கு ஏறாது என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்தார். வாட்ஸப்பில் ஒரு குரூப். பையன்கள் அதற்கு 'மதினி முறுக்கு' என்று பேர் வைத்தார்கள், அவரும் மறுக்கவில்லை. அதில் வருகிற அவருடைய குரல் பதிவுகளில் முதலில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்கும், பிறகு யாரையாவது அந்தப் பக்கம் தள்ளி நிற்கச் சொல்கிற சத்தம், அதற்கப்புறம்தான் விஷயம் வரும். பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கிற பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் எடுத்து அனுப்பு, விசா பக்கமும் வேணும், கையெழுத்து டப்பாவுக்கு வெளியே போகக் கூடாது. எனக்கு ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக் வேலை. நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் மொட்டை மாடியில் ஏசி பிரித்துக்கொண்டிருக்கும்போது காதில் இந்தக் குரல் வந்தால் கோபம் வரும். கூடவே முறுக்கு வாசனையும் வருகிற மாதிரி இருக்கும், அதனால் திட்ட முடியாது.

முதல் முறை சேகரித்த படிவங்கள் அத்தனையும் வீணாகப் போயின. எங்கள் ஆட்களுக்கே உரிய ஒரு விஷயம் அதில் இருந்தது. வீடு தாராவியில், பெண்டாட்டி பிள்ளை இருப்பது தாராவியில், ஆனால் பாஸ்போர்ட் எடுக்கும்போது மட்டும் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்திலோ நாங்குநேரிக்குப் பக்கத்திலோ இருக்கிற கிராமத்து விலாசத்தைக் கொடுத்திருப்பான். அங்கே வீடு இருக்கிறதோ, வெறும் மண்மேடு இருக்கிறதோ. வெளிநாட்டு வாக்காளருக்குப் பாஸ்போர்ட்டில் என்ன விலாசமோ அந்தத் தொகுதிதான். தாராவி என்று போட்டு மதினி அனுப்பவைத்ததெல்லாம் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு அவர் புது ஆளைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி மாறியது. மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில், பஹ்ரைன் மாப்பிள்ளைக்குத் திருநீறு பூச மேடையேறியவர், பூசிக்கொண்டே, "பாஸ்போர்ட்டுல எந்த அட்ரஸ் போட்டிருக்கீய?" என்று கேட்டார். பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையிடம் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று பயந்துபோனார்கள்.

அண்ணாச்சியின் பாஸ்போர்ட்டிலும் கிராமத்து விலாசம்தான். மாற்றுங்கள் என்றால் மாற்றமாட்டேன் என்றார். பொதுவாக மதினி சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாதவர், இதில் மட்டும் மலை மாதிரி அசையாமல் நின்றார். வருஷக்கணக்காக இந்தச் சண்டை மஸ்கட்டுக்கும் தாராவிக்கும் நடுவே போனில் நடந்தது. எங்கள் சந்தில் யார் வீட்டுச் சண்டையும் ரகசியம் இல்லை, இது ஸ்பீக்கரில் நடந்ததால் கூடுதல் தெளிவு. அண்ணாச்சி ஒருநாள் காரணத்தைச் சொன்னார். அங்கே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், பாஸ்போர்ட்டில் உள்ள விலாசத்துக்குத்தான் பெட்டியை அனுப்புவான், அது சொந்த ஊருக்குப் போகட்டும் என்று.

மதினி, "செத்தா எங்க போணும்னு எழுதி வச்சிருக்கீயளே, உசுரோட இருக்கையில எங்க இருக்கீயன்னு எழுத வேண்டாமா? நான் இங்கனதான இருக்கேன்?" என்றார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று எதிர் கோலி பார்வதி சொன்னாள். நெட்வொர்க் போகவில்லை. அடுத்த தடவை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது அண்ணாச்சி தாராவி விலாசத்துக்கு மாற்றினார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு விலாசப் பிரச்னை இல்லை, சோம்பல்தான் பிரச்னை. படிவம் போட்டாலும் தபாலில் ஓட்டுப் போட முடியாது, ஆள் நேரில் வந்து அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். என் ஒரு ஓட்டுக்காக டிக்கெட் எடுத்துக்கொண்டு வரவா என்று கேட்டேன். நீ ஒரு மிஷினைப் பிரித்து மாட்டும்போது ஒரு ஸ்க்ரூதானே என்று விட்டுவிட்டு வருவாயா என்று மதினி திருப்பிக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் நான் எத்தனையோ தடவை விட்டுவிட்டு வந்திருக்கிறேன், மிஷின் ஓடத்தான் செய்தது. அதை அவரிடம் சொல்லவா முடியும்? படிவத்தை வாங்கி நிரப்பினேன். என் பேர் ஏறிய அன்று குரூப்பில் எண்ணெய்ச் சத்தம் இல்லாமல் ஒரு பதிவு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பேசியிருக்கிறார்.

இத்தனை பேரை ஏற்றுகிறாரே என்று கட்சிக்காரர்களுக்கு மூக்கில் வேர்த்தது. ஒருவர் பழத்தட்டோடு வந்து, மதினி சொன்னால் பையன்கள் கேட்பார்கள் என்று குழைந்தார். யாருக்குப் போடவேண்டும் என்று என் வீட்டுக்காரரிடமே நான் சொன்னதில்லை, பையன்களிடம் எப்படிச் சொல்வேன் என்று மதினி அனுப்பிவிட்டார். பழத்தைத் திருப்பிக் கொடுத்தார். தட்டில் ஒரு பொட்டலம் முறுக்கு வைத்துக் கொடுத்தார். அந்த முறுக்கிலும் படிவம் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

விலாசம் மாறியதும் அண்ணாச்சியின் படிவத்தையும் அனுப்பியாயிற்று. சரிபார்க்க அதே டீச்சர் வந்தார். இந்தத் தடவை மதினி அளந்து பேசினார். வேலை மஸ்கட்டில், வீடு இது, பாஸ்போர்ட் நகல் இது. அவ்வளவுதான், போட்டோவைக் கழற்றவில்லை. பட்டியலின் கடைசியில் வெளிநாட்டு வாக்காளர்கள் என்று தனியாக வருகிற பகுதியில் அண்ணாச்சி பேர் வந்தது. அதைப் போனில் பெரிதாக்கி, சந்தில் எல்லாருக்கும் காட்டினார். மராத்திக் குழாய்க்காரர் வரைக்கும் பார்த்தாயிற்று.

அந்தச் சந்தோஷத்திலோ என்னவோ, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அண்ணாச்சி அவரை மஸ்கட்டுக்கு அழைத்தார். விசிட் விசா, மூன்று மாதம். மதினி கிளம்பிய அன்று சந்தே ஏர்போர்ட்டுக்கு வருகிறேன் என்றது. போன இடத்திலும் சும்மா இருந்தாரா? வெள்ளிக்கிழமை தோறும் அண்ணாச்சியோடு லேபர் கேம்புக்குப் போய், அங்கிருந்த திருநெல்வேலிக்காரர்களிடம் பாஸ்போர்ட்டில் எந்த விலாசம் என்று கேட்டிருக்கிறார். கடற்கரையில் எடுத்த போட்டோவை அனுப்பச் சொன்னோம். வந்த போட்டோவில் மதினி கையில் யாருடையதோ ஆறு-ஏ இருந்தது, பின்னால் கொஞ்சம் கடலும் தெரிந்தது. திரும்பி வந்ததும் பூட்டைத் திறந்து, கதவடியில் சேர்ந்திருந்த தூசியையும் காகிதங்களையும் ஒரே வீச்சில் பெருக்கித் தள்ளிவிட்டு, அன்றைக்கே அடுப்பு மூட்டினார்.

பிறகு தேர்தல் வந்தது. நல்ல கோடை. அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு மேனேஜரிடம் லீவு கேட்டு, கம்பெனி வைத்திருந்த பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்தார். நானும் வந்தேன், இன்னும் நாலைந்து பையன்களும் வந்தார்கள். ஓட்டுப் போட மட்டும் வரவில்லை, மாம்பழமும் இருந்தது, ஆனால் தேதியைத் தேர்தலுக்காகத்தான் பார்த்து வைத்தோம். காலையில் மதினி எங்களை வரிசையாக நிறுத்தி, பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா என்று பார்த்தார். உள்ளே போனைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் எங்கள் போன்களையெல்லாம் தன் முறுக்குப் பையில் போட்டுக்கொண்டார். அரக்குக் கலரில் புதுச் சேலை கட்டியிருந்தார். அதில் எண்ணெய்க் கறை இல்லாமல் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

வாக்குச்சாவடி முனிசிபல் பள்ளிக்கூடத்தில். முதலில் நான் உள்ளே போனேன். என் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி, இப்படியும் ஓட்டு உண்டா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டு, பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் தேடி எடுத்தார். போட்டுவிட்டு வந்து பையை வாங்கிக்கொண்டேன். மதினி பெண்கள் வரிசையிலும் அண்ணாச்சி ஆண்கள் வரிசையிலும் போய் நின்றார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உள்ளே போகவேண்டும் என்று மதினிக்கு ஆசை. ஆனால் பெண்கள் வரிசை வேகமாக நகர்ந்தது. அண்ணாச்சி இன்னும் வெயிலில் நிற்கும்போதே மதினி உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்தபோது விரலில் மை இல்லை.

"பேரு இல்ல" என்றார்.

அண்ணாச்சி பேரைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நான் இருக்கிறதே, நாம் எல்லாரும் பார்த்தோமே என்றேன். மதினி தலையை ஆட்டினார். என் பேரு, என்றார். அதிகாரி இரண்டு தடவை தேடினாராம். பட்டியலில் முந்தைய வீட்டு எண் இருந்தது, அடுத்த வீட்டு எண் இருந்தது, நடுவில் இவர் இல்லை. கையில் அட்டை இருந்தாலும் பட்டியலில் பேர் இல்லாமல் ஓட்டுக் கிடையாது, அது மதினிக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஊரெல்லாம் பேர் இருக்கா என்று கேட்டவர், தன் பேர் இருக்கா என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

வரிசையில் நின்றிருந்த எதிர் கோலி பார்வதி இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. மதினி மஸ்கட்டில் இருந்த மாதங்களில் டீச்சர் வந்திருக்கிறார். பூட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்து, இந்த அம்மா எங்கே என்று எதிர் வீட்டில் கேட்டிருக்கிறார். அப்புறம் கதவடியில் ஏதோ நோட்டீஸும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பார்வதிக்கு அழுகை வந்துவிட்டது.

"புருசங்காரரு கூட்டிட்டுப் போயிட்டாரு, இனி மஸ்கட்டுலேயே செட்டிலுன்னு சொன்னேன் மதினி. ஒரு பெருமைக்குத்தான் சொன்னேன்."

மதினி அவளையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நானும் அதுக்குத்தானடி சொன்னேன்" என்றார்.

இதற்குள் அண்ணாச்சி வரிசையை விட்டு வந்துவிட்டார். பார்வதியின் அழுகையும் என் முகமும் அவருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டன. அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நீ போடாத ஓட்டு எனக்கு என்னத்துக்கு, வா வீட்டுக்குப் போவோம் என்றார். மதினியின் சிரிப்பு நின்றது. அவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

"போயி நில்லுங்க. நான் எங்கயும் போகல, இங்கனதான் கெடக்கேன், அடுத்த தடவ போட்டுக்கிடுவேன். ஒங்களுக்கு அடுத்த லீவு எப்பன்னு யாருக்குத் தெரியும்?"

அண்ணாச்சி மறுபடி போய் வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் நின்ற இடத்தைக் கொடுக்கிறேன் என்று வரிசையில் ஒரு பையன் கூப்பிட்டான், அவர் போகவில்லை. மதினி கேட்டைப் பிடித்துக்கொண்டு, எங்கள் போன்கள் இருந்த பையை மறுபடி வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் தலை உள்ளே மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். பைக்குள் யாருடைய போனோ அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அண்ணாச்சி வெளியே வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இடது கை விரலை நீட்டினார். மை இன்னும் ஈரமாக இருந்தது. மதினி அந்த விரலைப் பிடித்து, காயட்டும் என்று மெல்ல ஊதினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாளே மதினி தனக்குப் படிவம் போட்டார். உள்ளூர்க்காரருக்கு உரிய வெறும் ஆறு, ஏ இல்லாதது. அதை நிரப்ப அவருக்கு வழக்கத்தைவிட நேரமாயிற்று, பழக்கமில்லாத படிவம் இல்லையா. நாங்கள் எல்லாரும் லீவு முடிந்து திரும்பிவிட்டோம். 'மதினி முறுக்கு' குரூப்பில் பையன்கள் தினமும் காலையில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள், மதினி, பேரு இருக்கா என்று. ஷார்ஜாவிலிருந்து ஒருவன், தோஹாவிலிருந்து ஒருவன், தமிழ் எழுத்துத் தெரியாத அந்த அஜ்மான்காரன் குரலில். அவரும் சளைக்காமல், டீச்சர் இன்னும் வரவில்லை என்றும், வந்தார், சந்தே கூடி நின்று மதினி இங்கனதான் இருக்காவ என்று கத்தியதில் டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார் என்றும் பதில் போட்டார். பார்வதி, ரேஷன் கடைக்குக்கூட மதினி போவதில்லை என்று டீச்சரிடம் சொன்னாளாம்.

நான் இப்போது வளைகுடா முடிந்து செம்பூரில் ஒரு சின்னக் கடை போட்டிருக்கிறேன். அண்ணாச்சியும் ஒருவழியாக வந்துவிட்டார், விக்ரோலியில், கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். நான் மொத்தமாகத் திரும்பி வந்தபோதும் மதினி போன் பண்ணி, இனி நீ வெளிநாட்டுக்காரன் இல்லை, பட்டியலில் பேரை மாற்றிப் போட்டாயா என்று கேட்டார். அதற்கப்புறம் யாரும் என்னை அப்படிக் கேட்பதில்லை. அது எனக்குக் குறையாகத்தான் இருக்கிறது.

மதினியை நினைத்தால் அந்த ஒரு குரல் பதிவுதான் முதலில் ஞாபகம் வருகிறது. தேர்தல் மை தோலிலிருந்து சீக்கிரம் போய்விடும், நகத்தில் இருப்பது நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். மஸ்கட்டில் அண்ணாச்சி அந்த ஒரு விரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வைத்திருந்தார். ஸ்டோரில் பெட்டி தூக்குகிற கை, நீள நகம் ஆகாது என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டும் கேட்கவில்லை. இது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு மத்தியானம், ஷார்ஜாவில் அல் நஹ்தா பக்கம் ஒரு கட்டடத்தின் மாடியில் ஏசி மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன், குரூப்பில் பதிவு வந்தது. அண்ணாச்சிக்கு மட்டும் அனுப்ப நினைத்தது, கை தவறி எல்லாருக்கும் வந்துவிட்டது. முதலில் எண்ணெய் கொதிக்கிற சத்தம். பிறகு மதினியின் குரல்.

"என் பேரு வந்துட்டு. இனிமே அந்த நகத்த வெட்டுங்க."

நான் கழற்றிய ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டுக் கீழே இறங்கினேன்.